அடியிலிருந்து அளந்தவள்

எனக்கும் என் அண்ணிக்கும் வீட்டில் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை. ஜன்னலைத் திறப்பதில் தொடங்கி விளக்கை அணைப்பது வரை சண்டைதான். ஆனால் வேலை செய்யும் இடத்தில் அவளை வேறு யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இருவரும் ஒரே ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறோம். நான் பாட்டில் கழுவுகிறவள். அவள் எண்ணுகிறவள். கோதுமை நாற்றின் இலையை பிளேடால் துண்டு போட்டு, மருந்தில் ஊறவைத்து, குலுக்கி, செல்களைத் தனித்தனியாகப் பிரிப்பாள். பிறகு ஒவ்வொரு செல்லுக்குள்ளும் எத்தனை பசுங்கணிகம் என்று மைக்ராஸ்கோப்பில் எண்ணுவாள். இலைக்குப் பச்சை நிறம் தருவதும் வெயிலைச் சாப்பாடாக்குவதும் அந்தப் பொடி உருண்டைகள்தான். பதினோரு வருஷமாக இதே நாற்காலி, இதே வேலை.

புதிதாக வந்த ஆய்வுத் தலைவர் வந்த வேகத்தில் பலகையில் எழுதிப்போட்டார்: ‘இலை நுனியிலிருந்து எட்டு சென்டிமீட்டரில் வெட்டவும்.’

"சார், நாங்க எப்பவும் அடியிலேருந்துதான் அளப்போம்" என்றாள் அண்ணி.

"எழுதினதைச் செய்யுங்கம்மா."

செய்தாள். மூன்று மாதம் செய்தாள். ஒரு இலையில் நூற்றிருபது வந்தது, பக்கத்து இலையில் முப்பது. எந்தக் கணக்கும் எதோடும் ஒட்டவில்லை.

"உங்க கண்ணு சரியில்லம்மா. திங்கட்கிழமையிலேருந்து பாட்டில் கழுவுற பக்கம் போயிடுங்க" என்றார் அந்த மகானுபாவர்.

எனக்குத் துணைக்கு ஆள் கிடைத்தது என்று குதிக்கவா? அன்று வீட்டில் அவள் என்னோடு சண்டையே போடவில்லை. 

மறுநாள் காலை, தலைவர் உள்ளே நுழைவதற்குள் மேஜைமேல் விதையோடு பிடுங்கிய பத்து இலைகளை நுனி பார்த்து வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். நுனிகள் ஒரே கோட்டில் நின்றன. அடிகள் தாறுமாறாக இருந்தன.

"கோதுமை இலை அடியிலதான் சார் வளருது. புது செல் அங்க பொறந்து, பழசை மேல தள்ளிக்கிட்டே வரும். பொறந்ததுல பத்துப் பதினஞ்சு வெளுத்த புள்ளிதான் இருக்கும். மேல வர வர அது ரெண்டு ரெண்டாப் பிரிஞ்சு, பருத்து, பச்சை ஏறி, நூறைத் தாண்டும். நுனியிலேருந்து எட்டுன்னா, இந்த நெட்டை இலையில அது அடியிலேருந்து நாலு சென்டி. இந்தக் குட்டையில ஒண்ணரைதான். வளர்ந்த ஆளையும் கைக்குழந்தையையும் ஒண்ணா நிக்கவச்சுப் பல்லை எண்ணச் சொல்றீங்க, சார்!"

தலைவர் வாயைத் திறப்பதற்குள் அவள் இலையின் அடியைச் சுற்றியிருந்த மேலுறையை விதை வரைக்கும் உரித்து, அடியிலிருந்து மூன்றாவது சென்டிமீட்டரில் பத்து இலைகளையும் வெட்டினாள். ஊறவைத்து, குலுக்கி, கண்ணாடித் தகடுகளில் வைத்து நீட்டினாள்.

"என் கண்ணு வேணாம் சார். உங்க கண்ணாலயே எண்ணுங்க. தப்பா வந்தா இன்னைக்கே நான் அந்தப் பக்கம் போயிடறேன்."

அவர் அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். வேலையெல்லாம் போட்டது போட்டபடி கிடக்க, கூடமே சுற்றி நின்றது. நான் ஈரக் கையுறையோடு நின்றேன். இலைக்கு ஐந்து செல் எண்ணி, சராசரியைச் சத்தமாகச் சொன்னார். அறுபத்திரண்டு. அறுபது. அறுபத்திநாலு. அறுபத்தொன்று. ஏழாவது இலையில் குரல் இறங்கிவிட்டது. பத்தாவதும் அறுபத்திரண்டுதான். அடேயப்பா, எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது!

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்பு என் மேலதாம்மா. மூணு மாச வேலையையும் மறுபடி செய்யணும். நீங்க எண்ணித் தருவீங்களா?"

"எண்ணாம? முதல்ல என் சீட்டை விட்டு எழுந்திருங்க, சார்."

எழுந்தார். நான் கையுறையைக்கூடக் கழற்றாமல் கைதட்டியதில் சோப்புத் தண்ணீர் அவர் சட்டையெல்லாம் தெறித்தது. மன்னிப்புக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.