கஞ்சி குடிக்கிற வீடு

விளக்கு வைத்த பிறகு இந்த ஊரில் யாரைப் பார்த்தாலும் கேட்கிற முதல் கேள்வி, கஞ்சி குடித்தாயிற்றா என்பதுதான். பால் ஊற்ற வருகிறவள் கேட்கிறாள். கோயில் குளத்தில் கால் அலம்புகிற பெண்கள் கேட்கிறார்கள். கேட்கிறவர் குரலில் அனுதாபமும் கிடையாது, பதில் சொல்கிறவருக்கு வெட்கமும் கிடையாது. தஞ்சாவூர்ச் சீமையில் இருந்துகொண்டு இதைப் படிக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். அங்கே ஒரு வீட்டில் கஞ்சி வைத்தார்கள் என்றால் யாருக்கோ காய்ச்சல், இல்லாவிட்டால் வயிறு சரியில்லை என்று அர்த்தம். அடுத்த வீட்டு மாமி அடுப்பு வாசனையை வைத்தே கண்டுபிடித்து, யாருக்கு உடம்பு என்று விசாரிக்க வந்துவிடுவாள்.

செங்கோட்டை மலைக் குகைகளில் ரயில் புகையெல்லாம் தின்றுகொண்டு நான் திருவனந்தபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். வந்த அன்று வலியசாலைத் தெருவில் புக்ககத்து வீட்டில் விருந்து அமர்க்களப்பட்டது. மறுநாள் சாயங்காலம் மாமியார் வெண்கலக் கிண்ணங்களை வரிசையாக வைத்துப் புழுங்கலரிசிக் கஞ்சியை ஊற்றினாள். பக்கத்தில் வேகவைத்த சிறுபயறு, சுட்ட அப்பளம், அள்ளிக் குடிக்க ஈர்க்குச்சி குத்தி மடித்த பலாவிலை. மாமனார் முதல் கடைசி மைத்துனன் வரை எல்லோரும் உட்கார்ந்து குடித்தார்கள். குடும்பத்துக்கே ஏதோ தொத்துவியாதி, அதை மறைத்துக் கல்யாணம் செய்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். என் கணவரிடம், எல்லோருக்கும் எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று மெதுவாகக் கேட்டேன். நான் பிதற்றுகிறேன் என்று நினைத்து அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தம் அம்மாவிடம் சொல்லப்போய், மறுநாள் முழுவதும் என்னைப் பாயில் படுக்க வைத்தார்கள். அன்றும் கஞ்சிதான் கொடுத்தார்கள்.

பழகிப்போயிற்று. பழகாமல் என்ன செய்வது? பிறந்த வீட்டில் ராத்திரிச் சாப்பாடு என்றால் குழம்பு, ரசம், மோர் என்று மூன்று தடவை சாதம் விழ வேண்டும். நெய் சாதத்தின் மேல் நிற்காமல் ஓட வேண்டும். மத்தியானம் தூங்கி எழுந்ததும் முறுக்கோ தட்டையோ வாயில் அரைபட வேண்டும். கல்யாணமாகிச் சில வருஷம் ஆன பெண்ணுக்கு உடம்பு பூசினாற்போல் இருக்க வேண்டும். கழுத்தெலும்பு தெரியக்கூடாது, வளையல் கையில் இறுக வேண்டும். அப்படி இருந்தால்தான் புக்ககத்தில் அவளை வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பேர். இங்கே அந்தக் கணக்கே வேறு. அக்கம்பக்கத்தில் என் வயதுப் பெண்கள், பேரன் எடுத்தவர்கள்கூட, கொடிபோல் இருக்கிறார்கள். மத்தியானம் வயிறாரச் சாப்பிடுகிறார்கள். இருட்டின பிறகு கஞ்சியோடு சரி. இரண்டு வேளை குளத்தில் முழுகி, கோயிலுக்கு நடந்து போய் வருகிறார்கள். அதற்குமேல் அவர்கள் உடம்பைப் பற்றி நினைத்து நான் பார்த்ததில்லை.

நானும் இளைத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்தது. கிணற்றில் நீர் இறைத்துவிட்டு மூச்சு வாங்காமல் நிற்கலாம். குளத்தின் படிகளில் ஒரு குடத்தோடு ஓடி ஏறலாம். ஆனால் பிறந்த ஊருக்குப் போகும்போதெல்லாம் இதே உடம்பு என் மேல் போட்ட குற்றச்சாட்டு ஆகிவிடும். வண்டியிலிருந்து இறங்குவதற்குள் யாராவது ஒருத்தி, ஐயோ இப்படித் துரும்பாகப் போய்விட்டாளே என்று ஆரம்பிப்பாள். அங்கே நான் மலையாளத்துக்காரி. இங்கே கடைத்தெருவில் நான் பாண்டிக்காரி, தமிழ்ச் சீமையிலிருந்து வந்தவள். இரண்டு ஊருக்கும் என்னைப் பற்றிப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

அலுப்போடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஆனால் என் கடைசித் தங்கை லலிதாவை என் கணவரின் தம்பி மணிக்குக் கேட்கலாம் என்று பேச்சு வந்தது. அப்பா காலமான பிறகு எங்கள் வீட்டில் எல்லாம் அண்ணா சொல்வதுதான். மணி நல்ல பையன், சர்க்கார் கச்சேரியில் உத்தியோகம். ஜாதகமும் பொருந்தியது. எனக்கோ லலிதா இந்த வீட்டுக்கு வந்துவிட்டால் போதும் என்று இருந்தது. புக்ககத்து மனிதர்கள் தங்கமானவர்கள். இருந்தாலும், நான் சின்ன வயதில் எதற்குப் பயந்தேன், எதற்குச் சிரித்தேன் என்று தெரிந்த ஒரு ஆள் இந்த ஊரில் எனக்கு இல்லை. அவள் வந்தால் அடுக்களையில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசலாம் என்று மனத்துக்குள் வேளை பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டை நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அண்ணா சொல்லி அனுப்பினார். வீட்டை என்றால் என்னை என்று அர்த்தம்.

மாமியாருக்கும் அது புரிந்தது. என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உங்கண்ணா வந்து பார்த்தா நான் உனக்குச் சாதமே போடலைன்னுதான் நெனப்பர், கேட்டியா" என்றாள். அன்றோடு எனக்குக் கஞ்சி நின்றது. ராத்திரியும் குழம்பு சாதம், கட்டித் தயிர், மேலே நெய். காலையில் வாழைப்பழமும் பாலும். அவர்கள் எல்லோரும் கஞ்சி குடிக்க, நான் மட்டும் இலை போட்டு உட்காருவேன். தீனி போட்டுக் கட்டிவைத்த கன்றுக்குட்டி மாதிரி இருந்தது. வயிறு வீங்கியதே தவிர கையில் ஒரு பிடி சதை ஏறவில்லை. கணவர் என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், உடம்பு தேற டானிக் வேண்டும் என்றார். டாக்டர் மலையாளி. நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். ஒரு வியாதியும் இல்லாத பெண் எதற்காகத் தடிக்க வேண்டும் என்று அவருக்குப் புரியவில்லை. இவளுடைய அண்ணா வந்து பார்க்கப்போகிறார் என்று என் கணவர் விளக்கினார்.

"அண்ணனும் டாக்டராணோ?" என்று கேட்டார் அவர்.

டானிக் கொடுக்கவில்லை. சாயங்காலத்தில் லகுவாகச் சாப்பிடச் சொல்லி அனுப்பிவிட்டார். நாங்கள் கேட்கவில்லை. அண்ணா வருகிற வாரம் மாமியார் நெய்யை இன்னும் ஒரு கரண்டி கூட்டினாள். பாவம், அவளும் எனக்காகத்தான் செய்தாள். ஆனால் இத்தனை வருஷம் கஞ்சியில் ஊறின வயிறு சண்டைக்கு வந்துவிட்டது. அண்ணா வருவதற்கு முதல் நாள் வாந்தி எடுக்க ஆரம்பித்தவள் மறுநாளும் எழுந்திருக்கவில்லை. இருந்த சதையும் போய்க் கண் உள்ளே போய்விட்டது.

அவர் வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. அவருக்கென்று அவியலும் எரிசேரியும் பாயசமுமாகச் சமைத்து, தலைவாழை இலை போட்டிருந்தார்கள். நான் தூணில் சாய்ந்து கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தேன். அவருக்கு எதிர்வரிசையில் மாமனாரும் என் கணவரும் மணியும் வழக்கம்போல் கிண்ணத்தைக் கையில் எடுத்தார்கள். எந்த நாளும் செய்கிறதுதானே என்று யாருக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை. அண்ணா தன் இலையைப் பார்த்தார். எங்கள் கிண்ணங்களைப் பார்த்தார். பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது. என்னைப் பட்டினி போட்டு நோயாளி ஆக்கிவிட்டார்கள் என்று நினைத்துவிடப் போகிறாரே என்று மாமியார் பதறி முன்னால் வந்தாள்.

"இவளுக்கு மாத்திரம் இல்லை கேட்டேளா. நாங்க எல்லாருமே நித்தியம் ராத்திரிக்கு இதுதான்" என்றாள்.

அவள் பெருமையாகத்தான் சொன்னாள். மருமகளுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று என்று இந்த வீட்டில் பேதம் கிடையாது என்பது அவள் சொல்ல வந்தது. வந்தவருக்காகக் கடன்பட்டு இலை போட்டிருக்கிறார்கள், மற்ற நாளில் வீடு முழுக்கக் கஞ்சிக்குத்தான் வழி என்பது அண்ணா எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் ஒரு பருக்கைகூடத் தொடவில்லை. கை அலம்பிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைத் தூக்கினார். வளையல்கள் முழங்கை வரை சரிந்தன. நான் சௌக்கியமாக இருக்கிறேன், இது இந்த ஊர்ப் பழக்கம், இந்த வாந்திகூட நெய்யால் வந்தது என்று என்னென்னவோ சொன்னேன். சொல்லச் சொல்லப் புக்ககத்தை விட்டுக்கொடுக்காத பெண் என்று அவர் கண் கலங்கியதே தவிர ஒன்றும் ஏறவில்லை.

"ஒருத்தியைக் குடுத்தது போறும்" என்றார்.

லலிதாவைக் கும்பகோணத்துப் பக்கம் ஒரு பெரிய நிலக்காரர் வீட்டில் நிச்சயம் செய்தார்கள். கல்யாணத்துக்குப் போனேன். வந்திருந்த அத்தைகளும் சித்திகளும் என் இலையில் ஜாங்கிரியை அடுக்கி, தின்னுடி, அங்கே எங்கே கிடைக்கப்போகிறது என்றார்கள். மறுத்தால் துக்கத்தில் சாப்பிடவில்லை என்று அர்த்தம், தின்றால் காய்ந்து கிடந்தவள் என்று அர்த்தம். மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயங்காலம் வயிறு மறுபடியும் புரட்டியது. கொஞ்சம் கஞ்சி வைத்துக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் கேட்டேன். கல்யாண வீட்டில் கஞ்சி வைப்பதாவது, அபசகுனம் என்று அவள் முகம் வெளுத்துவிட்டது. அவளோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. சாமான் அறையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

யாரோ கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பார்த்தால் லலிதா. பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கையில் புடவைத் தலைப்பால் மூடின ஒரு லோட்டா. சமையல்காரருடைய சாதப் பானையிலிருந்து இரண்டு கரண்டி எடுத்து வெந்நீரும் உப்பும் விட்டுத் தானே கரைத்திருந்தாள். புழுங்கலரிசியும் இல்லை, பயறும் இல்லை. எந்த ஊர்க் கஞ்சியிலும் சேராத ஒன்று. ஆனால் சூடாக இருந்தது. நான் பாதி குடித்ததும் அவள் கையை நீட்டினாள்.

"எனக்கும் ஒரு வாய் குடு அக்கா. அங்க வந்திருந்தா நித்தியம் குடிச்சிருப்பேனே."

எச்சில் என்றும் பாராமல் வாங்கிக் குடித்தாள். குடித்ததும் முகத்தைச் சுளித்தாள். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். வாசலில் மேளம் கிளம்பியது, அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். போகாமல் நின்று, இன்னொரு வாய் குடித்தாள்.