பார்போ மீனின் சினை

அம்புறோஸ் கதைக்கக் கூச்சப்படுகிற ஆள் இல்லை. கேட்கத்தான் கூச்சப்படுவார். தெரியாத ஒன்றை இன்னொருவரிடம் கேட்டு அறிவது அவருக்குப் பிடிக்காத காரியம். பாரிஸுக்கு வந்த முதல் வாரம் மெத்ரோவில் மூன்று மணித்தியாலம் சுற்றிச் சுற்றி வந்தாரே தவிர, எங்கே இறங்குவது என்று ஒருத்தரிடமும் வாய் திறக்கவில்லை. பேசாலைக் கடலில் இருபத்திரண்டு வருடம் தொழில் செய்தவர். கரையே தெரியாத இடத்தில் யாரிடம் வழி கேட்பது? அந்தப் பழக்கம் நிலத்துக்கும் கூடவே வந்துவிட்டது.

வயது நாற்பத்து மூன்று. தனி ஆள். விடியற்காலையில் ஒரு காரியாலயக் கட்டடத்தில் 'மெனாஜ்' வேலை. கூட்டித் துடைத்து, குப்பைக் கூடைகளை வெறுமையாக்கிவிட்டு வெளியே வரும்போதுதான் மற்றவர்கள் கோட்டும் சூட்டுமாக உள்ளே வருவார்கள். இருப்பு, ரூ பிலிப்-து-ஜிராரில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் ஐந்தாம் மாடியில், வலன்ரைன் வீட்டில். வலன்ரைன் சொந்தக்காரன் இல்லை, அவரைப் போல மன்னார்ப் பக்கத்தான், அவ்வளவுதான். ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறான். "பேப்பர் சரிவருமட்டும் என்னோடை இருங்கோ அண்ணை" என்று அவன் சொன்னது எண்பத்து மூன்றாம் ஆண்டு மார்கழியில். இப்போது எண்பத்தைந்து ஜூன். வதிவிடப் பேப்பர் இன்னும் சரிவரவில்லை. இடையில் வலன்ரைனின் மனைவி பேர்ளி ஊரிலிருந்து வந்துவிட்டாள். கணவன் மனைவிக்கு அறை, அம்புறோஸுக்குக் குசினி. இரவில் மேசையைச் சுவரோடு சாய்த்துவிட்டு மெத்தையை விரிப்பார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குப் பாரமாக இருந்தது.

அந்த வீட்டுக்குத் தன்னால் கொடுக்கக்கூடியது ஒன்றே ஒன்று என்று அவர் நினைத்தார். மீன்.

அதற்கு வழி திறந்தது ரூ து ஃபொபூர் சேன்-தெனியில், இராயப்பு கடையின் ஐஸ்பெட்டிக்கு முன்னால். உறைந்துபோன விளைமீன் ஒன்றின் கண்ணை விரலால் அமத்திப் பார்த்து அம்புறோஸ் பெருமூச்சு விட்டபோது, பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"என்னாங்க, மீனோட பேசிக்கினு இருக்கீங்க?"

"கதைக்கிறதுக்கு இதுக்கு உயிர் கிடந்தாத்தானே."

அப்படிக் கேட்டவர் ழாக். பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுப் பிரஜை, தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர், மீன்பிடிப் பருவம் தவிர. உயிருள்ள மீன் வேண்டுமென்றால் தன்னோடு வரச் சொன்னார். அவரே மீன்பிடி அனுமதி அட்டையும் எடுத்துக் கொடுத்தார்.

போனது வாஸ் ஆற்றுக்கு, லீல்-அதாம் பக்கம். அங்கே ழாக்கின் கூட்டாளி மொறிஸ் காத்திருந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர். முழங்கால் வரை றப்பர் சப்பாத்து, கூடவே ஒரு கிழட்டு நாய். ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு வசனம் பேசினால் அதிகம். அவர்களுடைய இரைகளைப் பார்த்துத்தான் அம்புறோஸுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஷெவென் என்கிற அகல வாய் மீனுக்குச் செரிப்பழம். பார்போ என்கிற நாலு மீசை மீனுக்குக் கட்டிக் கட்டியாக வெட்டிய சீஸ்.

"மீனுக்குச் சீஸோ? பிறகு வைனும் ஊத்துவியளோ?"

"வைன் நமக்குங்க. அதுல பங்கு கேட்டா மீனா இருந்தாலும் வுடமாட்டோம்."

ஒரு தடியைப் பிடித்துக்கொண்டு கரையில் குந்தியிருப்பது முதலில் அவருக்கு வெட்கமாக இருந்தது. வலை வீசியவனுக்குத் தூண்டில் சின்னப்பிள்ளை விளையாட்டு. ஆனால் ஆறு அவரை மதிக்கவில்லை. போன வருடம் முழுக்க ஷெவென் குஞ்சுகள்தான்; முள்ளுக்கு நடுவே கொஞ்சம் மீன். அதையும் கொண்டுவந்து புளி விட்டுக் காய்ச்சினார். வலன்ரைன் விரலைச் சூப்பினான். இந்த வருடம் பேர்ளி பிள்ளைத்தாச்சி, இப்போது ஆறாம் மாதம். சித்திரையில் பருவம் மூடுமட்டும், அவர் மீன் காய்ச்சும் நாளெல்லாம் அவளும் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு, "பிறகு ஆறுதலாச் சாப்பிடுறன் அண்ணை" என்று அறைக்குள் போவாள். திரும்பி வரும்போது கோப்பை வெறுமையாக இருக்கும். அதைப் பார்க்க அம்புறோஸுக்கு வயிறு நிறையும்.

ஜூன் நடுவில் பருவம் திறந்த சனிக்கிழமை அவர் சீஸைத் தொடவில்லை. கோதுமை மாவில் மாசிக் கருவாட்டுத் தூளைப் போட்டு உருண்டை பிடித்துக் கொண்டுபோயிருந்தார். ழாக் மோந்து பார்த்து மூக்கைச் சுளித்தார். பத்து மணிக்குத் தடி வளைந்தது. கால் மணித்தியாலம் இழுபறி. கைவலைக்குள் வந்தது ஒரு முழ நீளத்துக்கும் மேலான பார்போ, பொன்னிற வயிறு தள்ள, நாலு மீசையும் துடிக்க. மொறிஸ் தொப்பியைக் கழற்றினார். அந்த மணித்தியாலத்துக்கான வசனம் அதோடு முடிந்தது.

மொறிஸுக்கும் அன்று ஒரு பார்போ பட்டது. அவர் கரையிலேயே வயிற்றைக் கீறி, உள்ளே இருந்த சினையைச் சுழற்றி ஆற்றுக்குள் வீசினார். அம்புறோஸ் பார்த்துக்கொண்டிருந்தார். 'இதின்ரை அருமை தெரியாத சனம்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். ஏன் வீசுகிறீர்கள் என்று கேட்கவில்லை. தன் மீனை வயிறு கீறாமல் ஈரக் கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

பேசாலைக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. பெரிய மீன் சினையோடு பட்டால் அது எந்த வீட்டுக்கு என்பதில் பேச்சே கிடையாது. பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டுக்கு. கேட்டும் கொடுப்பதில்லை, சொல்லியும் கொடுப்பதில்லை; வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவார்கள்.

அன்று பின்னேரம் மீனைக் கீறியபோது, உள்ளங்கை நீளத்தில் இரண்டு சினைகள் மஞ்சளாக வழுக்கிக்கொண்டு வந்தன. மீனைக் குழம்பு வைத்தார். சினைக்கு உப்பும் மஞ்சளும் தடவி, சின்னக் கோப்பையில் போட்டு ஐஸ்பெட்டிக்குள் வைத்தார்.

"தங்கச்சி, இது உனக்கு மட்டும். நாளைக்குப் பூசையால வந்து மிளகு போட்டுப் பொரிச்சுச் சாப்பிடு. வலன்ரைனுக்கும் குடுக்காதை."

"ஓம் அண்ணை" என்றாள் பேர்ளி.

ஞாயிறு காலை மொறிஸுக்கு மறுபடியும் ஒரு பார்போ. இந்த முறை நாய் பக்கத்தில் நின்றது. மொறிஸ் சினையை ஆற்றில் வீசவில்லை. கத்தியால் குழி தோண்டி, உள்ளே போட்டு, மண்ணைத் தள்ளி, சப்பாத்துக் காலால் மிதித்து இறுக்கினார். பிறகு கையை மூன்று தரம் கழுவினார்.

வீசுவது அம்புறோஸுக்கு விளங்கியது. புதைப்பது விளங்கவில்லை. பாரிஸுக்கு வந்து முதன்முதலாக, தெரியாத ஒன்றை அவர் வாய் திறந்து கேட்டார்.

"ழாக் ஐயா, அவர் ஏன் அதைப் புதைக்கிறார்?"

"நாய் தின்னுடப் போவுதுன்னுதான். பார்போ முட்டை வெஷங்க. இங்க கொழந்தைக்குக்கூடத் தெரியும். தின்னா வாந்தி, வயித்தால புடுங்கிக்கினு போவும். ரெண்டு நாள் எழுந்திருக்க முடியாது." ழாக் தன் தூண்டிலில் செரிப்பழத்தைக் கோர்த்துக்கொண்டே சொன்னார். அம்புறோஸின் தடி மண்ணில் விழுந்த சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தார். "ஏன்யா, நீ தின்னியா?"

"நான் இல்லை. பேர்ளிக்குக் குடுத்திட்டன்."

"மாசமா இருக்குதே, அந்தப் பொண்ணுக்கா?"

அம்புறோஸ் தலையாட்டினார். ழாக் மொறிஸிடம் பிரெஞ்சில் நாலு சொல் சொன்னார். மொறிஸ் ஒன்றும் கேட்கவில்லை. பருவம் திறந்த இரண்டாம் நாள், தண்ணீரில் போட்ட தடியை அப்படியே விட்டுவிட்டு, கார்ச் சாவியைத் தேடிக்கொண்டு மேட்டில் ஏறினார். நாய் பின்னால் ஓடியது.

முதலில் கண்ட கஃபேயில் நிறுத்தி இராயப்பு கடைக்குத் தொலைபேசி எடுத்தார்கள். வீட்டில் தொலைபேசி இல்லை. கடைப் பையன் ஓடிப்போய்ச் சொல்லலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இராயப்பு கடைத் தொலைபேசி ஊருக்குக் கதைக்கிற சனத்தின் கையில் இருக்கும். மூன்று தரம் சுழற்றினார்கள். மூன்று தரமும் லைன் கிடைக்கவில்லை.

மொறிஸின் பழைய சித்ரோன் மேட்டில் மூச்சு வாங்கியது. அம்புறோஸ் முன் சீட்டில், மடியில் ழாக்கின் இரை போட்ட பையோடு. பத்தரைக்குப் பூசை தொடங்கும். பதினொன்றே முக்காலுக்கு முடியும். படியேற, சட்டி வைக்க, பொரிக்க. பன்னிரண்டரை. அவர் கணக்குப் போட்டுப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் பேர்ளி சாப்பிட்டு முடித்துவிட்டாள்.

"வலன்ரைனுக்கு நான் என்னெண்டு முகம் குடுப்பன்? அவன்ரை வீட்டிலை படுத்து, அவன்ரை பிள்ளைக்கே..."

"சும்மா இருய்யா. கொஞ்சமாத் தின்னா ஒண்ணும் ஆவாது."

"உள்ளங்கை நீளம் ஐயா. ரெண்டு. முழுக்கச் சாப்பிடச் சொன்னது நான்தான்."

ழாக் மொறிஸின் தோளைத் தட்டி இன்னும் வேகமாகப் போகச் சொன்னார்.

ஐந்து மாடியையும் அம்புறோஸ் எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. மொறிஸின் றப்பர் சப்பாத்து ஒவ்வொரு படியிலும் சேற்றை விட்டது. கதவைத் திறந்த பேர்ளி, ஆற்று வாடையோடு மூன்று ஆம்பிளைகள் மூச்சிரைக்க நிற்பதைக் கண்டு இரண்டடி பின்னால் போனாள். குசினியில் சின்னக் கோப்பை கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. அம்புறோஸ் அதைக் கையில் எடுத்தார்.

"சினை எங்கை பிள்ளை?"

பேர்ளி புன்னகைத்தாள். "சாப்பிட்டன் அண்ணை. நல்ல ருசி. மிளகு போட்டுப் பொரிச்சு, ஒண்டும் மிச்சம் வைக்கேல்லை."

அம்புறோஸ் நிலத்தில் குந்திவிட்டார். அடுத்த கணம் எழும்பி அவளுடைய கோட்டைத் தேடினார். "வெளிக்கிடு. ஆஸ்பத்திரிக்குப் போவம். மாதா, மாதா... அது நஞ்சு பிள்ளை. எனக்குத் தெரியாது. நான் ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை. வெளிக்கிடு!"

பேர்ளி கோட்டை வாங்கவில்லை. அவள் முகம் சிவந்தது. ழாக்கைப் பார்த்தாள், மொறிஸின் சப்பாத்தைப் பார்த்தாள், கடைசியில் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"நான் சாப்பிடேல்லை அண்ணை."

"என்ன?"

"விடிய ஐஸ்பெட்டியைத் திறக்கவே ஓங்காளிச்சது. பேப்பரிலை சுத்திக் கொண்டுபோய்க் கீழை குப்பைத் தொட்டிக்குள்ளை போட்டிட்டன்." அவளுக்குக் கண் கலங்கியது. "நாலு மாசமா எனக்கு மீன் மணமே ஆகாது. நீங்கள் ஆசையாக் கொண்டுவாறியள், என்னெண்டு சொல்லுறது? என்ரை பங்கை அறைக்குள்ளை அவர்தான் சாப்பிடுறவர்."

அம்புறோஸ் அவளை நம்பவில்லை. இப்போது சொல்வது பொய்யா, முன்னம் சொன்னது பொய்யா? "எனக்குப் பாக்கவேணும்" என்று கீழே இறங்கினார். மற்ற இருவரும் பின்னால்.

முற்றத்தில் நின்ற குப்பைத் தொட்டிக்குள் அவர் இடுப்பு வரை குனிந்தபோது, கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் மதாம் ஆலீஸ் ஜன்னலைத் திறந்து கத்தத் தொடங்கினாள். மொறிஸ் அவளிடம் போய் அன்றைய முதல் வசனத்தைச் சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தானே ஒரு தும்புத்தடியோடு வந்து மறுபக்கத்தில் கிளறினாள்.

உருளைக்கிழங்குத் தோலுக்குக் கீழே அது கிடந்தது. கோயிலில் கொடுத்த போன கிழமைப் பூசைத் தாளில் சுற்றி, நூலால் கட்டி. மொறிஸ்தான் அவிழ்த்தார். மஞ்சள் பூசிய இரண்டு சினைகள். அவற்றை உள்ளங்கையில் கிடத்தி, மருத்துவர் மாதிரி நுனியிலிருந்து நுனிவரை தடவிப் பார்த்தார். ஒரு கடி இல்லை, ஒரு கீறல் இல்லை.

"முழுசா இருக்குதாம்" என்றார் ழாக்.

அம்புறோஸ் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணால் தண்ணீர் ஓடியது. மதாம் ஆலீஸ் அவர் தோளில் தட்டிவிட்டு, சினையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டு, அதையும் முடிந்தாள்.

திரும்ப மேலே ஏறியபோது ஐந்து மாடி ஐந்து படியாக இருந்தது. பேர்ளி தேத்தண்ணி போட்டு வைத்திருந்தாள், கோபமா பயமா என்று தெரியாத முகத்தோடு. அம்புறோஸ் கையை முழங்கை வரை கழுவிவிட்டு வந்தார். பிறகு கேட்டார்.

"தங்கச்சி, உனக்கு என்ன சாப்பிட விருப்பம்?"

அவள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் கேட்காத கேள்வி அது. அவள் கண், அவர் ஓடிவந்தபோது மேசையில் போட்ட இரைப் பைக்குப் போனது. வாய் திறந்த பைக்குள்ளிருந்து செரிப்பழங்கள் எட்டிப் பார்த்தன, கறுப்புச் சிவப்பில்.

"அது... மீனுக்கோ?"

"மீன் கிடக்கட்டும்!" அம்புறோஸ் பழத்தைக் கழுவிக் கோப்பையில் குவித்து அவள் முன்னால் வைத்தார்.

பேர்ளி முதலில் ஒன்று எடுத்தாள். பிறகு இரண்டு. பிறகு ஆட்கள் இருப்பதையே மறந்துவிட்டாள். மூன்று மீன்பிடிகாரரும் மிதவையைப் பார்ப்பது போல, அசையாமல், சத்தம் போடாமல், அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரிச்சுத் தட்டில் விதைகள் நிறைந்தன. மொறிஸ் தன் சட்டைப்பையைத் துழாவி, அங்கே கிடந்த மூன்று பழத்தையும் கொண்டுவந்து கோப்பையில் போட்டார்.

பின்னேரம் வேலையால் வந்த வலன்ரைன் சட்டிகளைத் திறந்து திறந்து பார்த்தான்.

"என்ன அண்ணை, இண்டைக்கு ஒண்டும் படேல்லையோ?"

"ஒண்டும் படேல்லை" என்றார் அம்புறோஸ், சாய்ந்து உட்கார்ந்தபடி. "ஆனா இரை முழுக்க முடிஞ்சுது."

அறைக்குள்ளிருந்து பேர்ளி சிரிக்கிற சத்தம் கேட்டது.