நாற்பத்திரண்டு ரூபாய் மந்திரி

ஒரு மந்திரி இந்திராணிக்கு நாற்பத்திரண்டு ரூபாய் கடன்பட்டிருக்கிறார். பழவேற்காட்டு ஏலக்கூடத்தில் காலையில் முதல் கூறு இறாலைச் சிமெண்டுத் தரையில் கொட்டியதும், விலை கூவுவதற்கு முன்னால் அவள் இதைத்தான் கூவுவாள். "மீன்வள மந்திரி பாக்கி நாப்பத்திரெண்டு, அது அப்படியே நிக்குது! இப்ப இந்தக் கூறு, ஆரம்பம் ஐந்நூறு!" வெளியூர் வியாபாரிகள் சிரிப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் சிரிப்பதை விட்டு வெகுகாலம் ஆகிறது.

எழுபதைத் தொட்ட உடம்பு. முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிய சேலை, அதற்கு மேல் செத்துப்போன புருஷனின் முழுக்கைச் சட்டை, இடுப்பில் சுருக்குப்பை. கவிழ்த்த மீன் பெட்டியின் மேல் ஏறி நின்றுதான் கூவுவாள். மைக் கொடுத்தார்கள், வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். அவள் இங்கே கூவினால் ஏரிக்கு நடுவில் இருக்கிற பசியாவரத்தில் உலை வைப்பார்கள் என்று ஒரு பேச்சு. பேச்சைக் கிளப்பியவள் அவளேதான். அதற்காக அது பொய் என்று ஆகிவிடாது.

மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தாள். அதிலும் பாதி நாள் ஏரியில் குந்தி, சேற்றைத் தடவி இறால் பொறுக்கப் போய்விட்டாள். இன்றைக்கு இரண்டு படகு, ஒரு மாடி வீடு, சம்பளம் வாங்குகிற மகன். "எங்க நைனா எனுக்கு வெச்சிட்டுப் போனது மீன் போடுற பறி ஒண்ணு, ஒரு வாயி. பறி கிழிஞ்சி போச்சு. வாய வெச்சி மாடி கட்டுனேன்" என்பாள், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும்.

அந்த மந்திரியின் ஆட்சியைப் பற்றி இப்போது மேடை மேடையாகப் பேசுகிறார்கள். சீர்திருத்த அமைச்சரவை என்று பெயர். ஐம்பது ஆண்டு ஆகிறதாம், விழா எடுக்கிறார்களாம். மேடையில் அந்த மந்திரிகளின் பெயரை வரிசையாகச் சொல்லும்போது பேச்சாளர் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைப்பார். இந்திராணி பெயர் சொல்லமாட்டாள். அவரவர் விட்டுப்போனதை வைத்துத்தான் அவளுக்கு ஆளை அடையாளம் தெரியும். படித்துறை மந்திரி கட்டிய படித்துறை இன்று கரைமேல் கிடக்கிறது. தண்ணீர் அதை விட்டுத் தள்ளிப் போய்விட்டது, ஆடுகள் படி ஏறி படி இறங்குகின்றன. பள்ளிக்கூட மந்திரி திறந்த கட்டடத்தில் வலை காய்கிறது. வீட்டு மந்திரி கொடுத்த வீடுகளில் வாசலுக்குள் மனிதன் குனிந்து போக வேண்டும். "குனிஞ்சே இருக்கட்டும்னு கட்டிருப்பான், கெட்டிக்காரன்" என்பது அவள் கணிப்பு.

ஒன்றே ஒன்றைப் பற்றி மட்டும் வாயை அடக்கிப் பேசுவாள். கடன் நிவாரணச் சட்டம். அவள் தகப்பனுடைய படகு, திருவேங்கடம் என்ற வியாபாரியின் கடனுக்குள் கிடந்தது. பிடித்த மீனையெல்லாம் அவன் சொன்ன விலைக்கு அவனிடமே போட்டாக வேண்டும், அசல் குறையவே குறையாது. அந்த ஆட்சி சட்டம் போட்டது, ஒரே நாளில் கடன் போயிற்று, படகு வீட்டுக்கு வந்தது. தகப்பன் படகைப் பிடித்துக்கொண்டு அழுதான். அதே கார்த்திகையில் புயல் மழை பிடித்துக்கொண்டு அடுப்பு எரியாமல் கிடந்தபோது, திருவேங்கடம் கடன் கொடுக்க மறுத்துவிட்டான். பொன்னேரியில் போய் படகை வைத்து இரண்டு மடங்கு வட்டிக்கு வாங்கினார்கள், படகு அதிலேயே போயிற்று. "சட்டம் நல்ல சட்டந்தான். போட்டுட்டு ஊட்டுக்குப் போயிட்டானுங்க, மழை இங்கதானே பேஞ்சிது."

நாற்பத்திரண்டு ரூபாய்க் கதை அந்தச் சட்டம் வந்த வருஷத்து மாசியில் நடந்தது. வியாபாரி பிடியில்லாமல் மீனவர்களே ஏலம் விடட்டும் என்று இந்தக் கூடத்தைக் கட்டி, திறந்து வைக்க மீன்வள மந்திரி வந்தார். இந்திராணிக்கு இருபது வயசு நடக்கிறது. ஏலம் கூவின முதல் பொம்பளை அவள்தான், அதுவும் கூவ ஆரம்பித்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. பொம்பளை கூவினால் எவன் மதிப்பான், எவன் துட்டு கொடுப்பான் என்று கூடத்து ஆண்கள் மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்த நேரம்.

இங்கே ஒரு ஊர்க்கட்டு உண்டு. ஏலம் ஓடும்போது கூறிலிருந்து மீனைக் கையால் தூக்கினால், கடைசியாகக் கேட்ட விலைக்கு அந்தக் கூறு தூக்கினவருக்கு. பேச்சே கிடையாது. அதனால் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் போலீஸ் பிடித்த மாதிரி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் கூறைச் சுற்றி நிற்பார்கள். இன்னொன்றும் உண்டு. எடுத்தவர் துட்டு கொடுக்காவிட்டால், பொழுது சாய்வதற்குள் மீன் பிடித்தவனுக்கு ஏலம் கூவினவர் கொடுத்தாக வேண்டும்.

மந்திரி மேடையிலிருந்து இறங்கினார். ஏழைகளின் தோழன் அல்லவா, சேற்றில் கால் வைக்க வேண்டுமே. வரதன் என்ற மீனவனின் கூறு ஓடிக்கொண்டிருந்தது, நாற்பத்திரண்டில் நின்றது. மந்திரி குனிந்தார், கூறிலேயே பெரிய இறாலை மீசையைப் பிடித்துத் தூக்கினார், போட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "ஐயா, நாப்பத்திரெண்டு!" என்று இந்திராணி கத்தினாள். பளிச்சென்று விளக்கு அடித்தது.

கூடவே நின்ற அதிகாரிக்கு யாரோ அந்த ஊர்க்கட்டை விளக்கினார்கள். அவர் சிரித்தார். "கடனையெல்லாம்தான் தள்ளுபடி பண்ணிட்டாரே ஐயா! இதையும் அதுல சேத்துக்கம்மா." மந்திரியும் சிரித்தார், கார் போய்விட்டது. கட்டுப்படி விற்றுப்போன கூறை வேறு யாரும் தொடவில்லை, வெயிலில் கெட்டது. கூடம் மொத்தமும் அவள் முகத்தைப் பார்த்தது. பொழுது சாய்வதற்குள் மூக்குத்தியை அடகு வைத்து வரதன் கையில் எண்ணி வைத்தாள். அந்த மூக்குத்தி திரும்பி வரவில்லை. பிற்பாடு கல் வைத்ததே வாங்குகிற வசதி வந்தது. வாங்கவில்லை, மூக்கில் அந்தத் துளை அப்படியே இருக்கிறது.

அந்தப் போட்டோதான் இன்றைக்கும் சுவரொட்டியில் வருகிறது. மந்திரி இறாலோடு சிரிக்கிறார், பக்கத்தில் ஒரு மீனவப் பெண் வாயை முழுக்கத் திறந்துகொண்டு நிற்கிறாள். கீழே, 'கடன் தளை நீங்கிய ஏழைப் பெண்ணின் ஆனந்தம்' என்று அச்சடித்திருக்கிறார்கள். ஆனந்தமாம்!

மருமகள் கீதா தினமும் கெஞ்சுவாள். "முட்டி வீங்கிக் கெடக்குது அத்தை, போதும் வுடு. இன்னா கொறை நமக்கு?" இந்திராணியின் பதில் ஒன்றுதான். "நான் கூவி துட்டு வராத கூறு ஒண்ணே ஒண்ணு. அது தீரட்டும், எறங்கிர்றேன்." மந்திரி செத்து நாளாயிற்று என்று சொன்னால், "அவன் செத்தா கட்சி செத்துச்சா?" என்பாள். ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொருத்தனிடமும் கேட்டாள். ஒருத்தன் சேலை கொடுத்தான், ஒருத்தன் குடம் கொடுத்தான். குடத்தில் மந்திரி படம் இருந்தது. இரண்டையும் திருப்பி அனுப்பினாள்.

போன வாரம் ஜெகதீஸ்வரன் வந்தான். அந்த மந்திரியின் கட்சியில் ஒன்றியச் செயலாளர், அனுப்பம்பட்டுப் பக்கத்தில் நெல் விளைவிக்கிற குடும்பம், உள்ளாட்சித் தேர்தலில் நிற்கப் போகிறவன். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, பின்னால் போட்டோக்காரர். ஐம்பதாம் ஆண்டுக்கு அதே படத்தை அதே இடத்தில் மறுபடி எடுக்க வேண்டும், படத்தில் இருக்கிற அதே அம்மா பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது அவன் திட்டம்.

"ஆயா, நீ ஒண்ணும் பண்ண வாணாம். அன்னிக்கி மாதிரியே சந்தோஷமா வாயத் தொறந்துகினு நின்னா போதும்."

"துட்டு?"

"விழாவுல பொன்னாடை போர்த்துறோம் ஆயா, கவுரவமா."

"பொன்னாடைய வெச்சி மீன் வாங்க முடியுமா நைனா? மந்திரி பாக்கி இன்னா ஆச்சு?"

அவன் சிரித்தான். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே சிரிப்பு, ஆள்தான் வேறு. "அதெல்லாம் தலைவர்கிட்ட பேசிக்கலாம், இப்ப நேரமாவுது."

"அதுவும் சரி" என்றாள் இந்திராணி. இவ்வளவு சீக்கிரம் அவள் ஒத்துக்கொண்டு கூடம் பார்த்ததில்லை. பெட்டிமேல் ஏறினாள். கீழே வெள்ளை இறால் கூறு ஒன்று மின்னிக்கொண்டு கிடந்தது. "ஆயிரத்தி ஐந்நூறு... அறுநூறு... ஆயிரத்தி எட்நூறு, அடுத்து யாரு?" என்று கூவிக்கொண்டே அவனைப் பார்த்தாள். சுற்றி நின்ற அத்தனை பேரும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார்கள். நெல்லுக்காரனுக்கு அது மரியாதையாகத் தோன்றியிருக்கும். "தூக்கு கண்ணு" என்றாள் அவள், அன்பாக. "அந்த மந்திரி தூக்குனாப்பலயே தூக்கு."

ஜெகதீஸ்வரன் குனிந்து பெரிய இறாலாகப் பார்த்துத் தூக்கினான்.

"எடுத்துட்டாரு!" என்று கூடம் ஒரே குரலில் கத்தியது. பளிச்சென்று விளக்கு அடித்தது. இந்த முறை இந்திராணியின் வாய் மூடியிருந்தது.

விஷயம் புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இறாலை மெல்லத் திரும்ப வைத்தான். "வெச்சாலும் ஒன்னுதுதான்" என்றார்கள். தமாஷ் என்றான். யாரும் சிரிக்கவில்லை. செல்போன்கள் அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன, ஒவ்வொரு போனுக்குப் பின்னாலும் ஒரு வீடு, ஒவ்வொரு வீட்டிலும் ஓட்டு. மீன் பிடித்தவனுக்கு ஆயிரத்து எண்ணூறைப் போனிலேயே அனுப்பிவிட்டு நெற்றியைத் துடைத்தான்.

"இந்தக் கூறு தீந்துது" என்றாள் இந்திராணி. "அந்தக் கூறு?"

"ஒன் நம்பர் சொல்லு ஆயா, அனுப்பிர்றேன்."

"போன்ல வாணாம். அன்னிக்கி நான் கையிலதான் எண்ணிக் குடுத்தேன்."

பையிலிருந்து ஐந்நூறு ரூபாய்த் தாளை உருவினான். "வட்டியோட வெச்சிக்கோ. போதுமா?"

"வட்டி வாங்கக் கூடாதுன்னு சட்டம் போட்டதே ஒங்க ஆளுங்கதானே? சட்டத்த நான் மீற மாட்டேன். நாப்பத்திரெண்டு."

ஒன்றியச் செயலாளன் கூடத்தைச் சுற்றிச் சில்லறைக்கு அலைந்தான். ஐஸ்காரர் இல்லை என்றார். நண்டு விற்கிறவள் சேலைத் தலைப்பை உதறிக் காட்டினாள். கடைசியில் டீக்கடையில் எல்லாருக்கும் டீ சொல்லித்தான் தாளை மாற்ற முடிந்தது. வெள்ளைச் சட்டையில் இறால் தண்ணீர் வழிய அவன் திரும்பி வந்தபோது, இந்திராணி பெட்டிமேலேயே நின்றிருந்தாள். வலது கை நீண்டு விரிந்திருந்தது.

பத்து, இருபது, முப்பது, நாற்பது. தாள்களை வைத்துவிட்டு அவன் கையை எடுத்துக்கொண்டான். "ரெண்டு ரூபா தானே ஆயா, வுடேன்."

அவள் கையை மூடவில்லை. கூடம் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் ஒவ்வொரு பையாகத் துழாவி, போட்டோக்காரரிடம் ஒரு நாணயம் கேட்டு வாங்கி, அந்த உள்ளங்கையில் தாள்களின் மேல் வைத்தான். இந்திராணி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள், மறு கையால், பக்கத்தில் வந்து நின்ற கீதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு பெட்டியை விட்டு இறங்கினாள்.