பிளைவுட் லாக்கப்பில் ஒரு விடுதலை

1. போர்டு மாட்டிய காலை

நான் காஸ்ட்யூமர். சினிமாவுக்குத் துணி தைப்பது, தைத்ததைத் துவைத்து இஸ்திரி போடுவது, சண்டைக் காட்சியில் கிழிந்ததை மறுநாளைக்குள் ஒட்டுப்போடுவது என் வேலை. என் சர்வீஸில் பாதி காக்கித் துணியோடு போனது. எண்பதுகளின் கடைசியில் போலீஸ் படம் எடுக்காத கம்பெனியே இல்லை. எல்லாப் படத்திலும் ஒரே ஒரு நல்ல போலீஸ்காரர் இருப்பார். மற்ற எல்லாரும் லஞ்சம் வாங்குவார்கள். நல்லவர் அவர்களை இடைவேளைக்கு முன்னால் திட்டுவார், இடைவேளைக்குப் பின்னால் அடிப்பார்.

அப்படி ஒரு படத்துக்கு ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்புக்குச் சற்று உள்ளே தள்ளி, பூட்டிக் கிடந்த ஒரு குடோனைப் போலீஸ் ஸ்டேஷனாக மாற்றினோம். வெளியே சிவப்பும் நீலமுமாக போர்டு. உள்ளே மேஜை, நாற்காலி, ஃபேன், சுவரில் ஊர் வரைபடம். மூலையில் லாக்கப். அதன் சுவர் பிளைவுட். கம்பிகள் மரக்கட்டையில் கறுப்பு பெயின்ட் அடித்தவை. பார்த்தால் நிஜம், சாய்ந்தால் வளையும்.

முதல் நாள் காலை கேமரா இன்னும் வந்து சேரவில்லை. ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் மாசிலாமணிக்கு எஸ்.ஐ. உடுப்பை மாட்டி நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன். எழுந்தால் கசங்கும் என்பதற்காக உட்கார வைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் அவர் எதிரில் நாலைந்து பேர் நிற்கிறார்கள். ஒருவருக்கு ஆடு காணோம். இன்னொருவரின் வேலியைப் பக்கத்து மனைக்காரர் தள்ளிப் போட்டுவிட்டார்.

"ஐயா, இது சினிமா ஸ்டேஷன். நெஜ ஸ்டேஷன் அந்தாண்ட கீது" என்றேன்.

ஆடு தொலைத்தவர் நகரவில்லை. "தெரியும் சார். அங்க போனா நின்னுகினே இருக்கணும். இங்க சேர் போட்டுக்கீதே" என்றார்.

மாசிலாமணி அவர் சொன்னதை முழுக்கக் கேட்டார். ஆடு என்ன நிறம், கடைசியாக எங்கே மேய்ந்தது என்று விசாரித்தார். பல வருஷமாகப் படங்களில் வாசற்படியில் நின்று சல்யூட் அடித்தவர் அவர். யாரும் அவருக்கு ஒரு வசனம் தந்ததில்லை. அன்றுதான் முதல் முறையாகப் பேசினார். ஆட்டுக்காரர் சந்தோஷமாகப் போனார். ஆடு கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது.

2. மீசை

நிஜ ஸ்டேஷனின் இன்ஸ்பெக்டர் சில நாள் கழித்து ஒரு மத்தியானம் ஜீப்பில் வந்தார். பெயர் வேண்டாம், இன்ஸ்பெக்டர் என்றே வைத்துக்கொள்வோம். ஆள் வாட்டசாட்டம், இரண்டு பக்கமும் முறுக்கிய மீசை. ஷூட்டிங் நடக்க அவர் தயவு வேண்டும். அந்தத் தயவின் முதல் தவணையாக எங்கள் மெஸ் சாப்பாடு தினமும் கேரியரில் அவர் ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருந்தது. அன்று இரண்டாம் தவணைக்கு வந்திருந்தார்.

"படத்துல கெட்ட இன்ஸ்பெக்டர் ஒருத்தன் வர்றானாமே. எந்த ஸ்டேஷன் அவன்?" என்று டைரக்டரைக் கேட்டார்.

டைரக்டர் சின்ன வயதுக்காரர், முதல் படம். லஞ்சத்தை ஒழிக்கவே சினிமாவுக்கு வந்ததாகப் பத்திரிகைகளில் சொல்லிக்கொண்டிருந்தார். "அது கற்பனை ஊர் சார்" என்றார் பணிவாக.

"கற்பனைன்னா சரி. ஆனா அவனுக்கு மீசை இன்னாத்துக்கு?"

வில்லன் நடிகர் தன் மீசையை நம்பியே தொழில் செய்தவர். சாயங்காலம் அதை எடுத்துவிட்டு, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருந்தார். ஏற்கெனவே மீசையோடு எடுத்த இரண்டு காட்சிகளைத் திரும்ப எடுத்தார்கள்.

மூன்றாம் தவணை ஒரு வேஷம். லாக்கப்பில் வாடும் ஒரு அப்பாவியைக் கதவைத் திறந்து விடுவிக்கும் உயர் அதிகாரி வேஷம் இன்னும் யாருக்கும் கொடுக்காமல் இருந்தது. அதைத் தானே செய்வதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். தன் சொந்த யூனிஃபாரத்திலேயே வந்தும் நின்றார். கேமராமேன் லென்ஸ் வழியே பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஒரிஜினல் மாதிரி இல்லையே தயாளன். வயித்துல பட்டன் பிதுங்குது, கலர் வெளுத்திருக்கு. டூப்ளிகேட்னு ஜனங்க சொல்லுவாங்க. நம்ம உடுப்பு ஒண்ணு கொடுத்துடுங்க."

நிஜ இன்ஸ்பெக்டருக்குப் பொய் உடுப்பு அளவெடுத்தேன். அளவெடுக்கும்போது குனிந்து என் காதில் கேட்டார். "யோவ், படத்துல என்னை டி.எஸ்.பி. ஆக்க முடியுமா?"

காக்கியில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். இன்ஸ்பெக்டருக்கும் தோளில் மூன்று நட்சத்திரம், டி.எஸ்.பி.க்கும் மூன்று நட்சத்திரம். இன்ஸ்பெக்டரின் தோள்பட்டையில் மட்டும் சிவப்பும் நீலமுமாக ஒரு நாடா இருக்கும். பிளேடை எடுத்து நாடாவைப் பிரித்தேன். கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார். அரசாங்கம் தராத ப்ரமோஷனை ஒரு தையல்காரன் நின்ற இடத்திலேயே தந்ததில் அவருக்கு என்மேல் பிரியம் வந்துவிட்டது.

3. ரெஜினா

மறுநாள் உணவு இடைவேளையில் ஒரு பெண் நேராக மாசிலாமணியிடம் வந்து நின்றாள். பெயர் ரெஜினா. சேலையூரில் வீடு, எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் தையல் மிஷின் ஓட்டுபவள். இரண்டு நிமிஷம் அவரையே உற்றுப் பார்த்தாள்.

"சார், உங்க காலர்ல இன்னும் கஞ்சி போகல. தோள் தையலும் அவசரத் தையல். நீங்க போலீஸ் இல்ல."

மாசிலாமணி என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"பரவால்ல, சொல்றேன்" என்று உட்கார்ந்தாள். "எங்கனா சொல்லணுமே."

அவள் தம்பி ஸ்டீபன் ராஜகீழ்ப்பாக்கம் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுபவன். இன்ஸ்பெக்டர் வீட்டு ஆட்கள் கோயிலுக்கும் கடைக்கும் போவதென்றால் ஸ்டாண்டிலிருந்து ஒரு ஆட்டோ சும்மா போகவேண்டும். அது அங்கே எழுதாத சட்டம். தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய் வெகு நேரம் காத்திருந்து கூட்டி வந்த பிறகு, பெட்ரோலுக்காவது கொடுங்கள் என்று ஸ்டீபன் கேட்டிருக்கிறான். அன்று சாயங்காலமே சந்தேகக் கேஸ் என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று நாளாக லாக்கப்பில் இருக்கிறான். கேஸும் எழுதவில்லை, கோர்ட்டுக்கும் கொண்டுபோகவில்லை. ரெஜினா போனால் வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

"நேத்து ஜன்னல் வழியா பார்த்தேன். உதடு கிழிஞ்சுகீது. இன்னிக்கி இன்னா கிழிப்பாங்களோ" என்றாள். அழவில்லை. கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

டைரக்டரிடம் அழைத்துப்போனேன். அவர் முழுதும் கேட்டார். முகம் சிவந்தது. படத்தில் ஹீரோ பேசுவதாக அவர் எழுதிய வசனங்கள் எனக்கு மனப்பாடம், ஏதாவது ஒன்று வரும் என்று காத்திருந்தேன். "ரொம்ப அநியாயம்மா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நமக்கு இங்க இன்னும் பதினஞ்சு நாள் ஷூட்டிங் இருக்கு" என்றார். ஹீரோ தன் காரில் தூங்கிக்கொண்டிருந்தார். காலையில் எட்டு ஊழல் போலீஸ்காரர்களைத் தூக்கிப் போட்ட அசதி.

ரெஜினா எழுந்தாள். போகிற போக்கில் மூலையிலிருந்த லாக்கப்பைப் பார்த்துவிட்டுக் கசப்பாகச் சொன்னாள். "எங்க தம்பிய உங்க ஜெயில்ல போட்டாவது வெச்சிக்கோங்க சார். அடியாவது இருக்காது."

அவள் வாசலைத் தாண்டுவதற்குள் கூப்பிட்டு உட்கார வைத்தேன். மறுநாள்தான் இன்ஸ்பெக்டரின் காட்சி. விடுதலையாகும் அப்பாவியாக ஏஜென்ட் அனுப்பிய பையன் நன்றாகத் தின்று கொழுத்தவன். ஒப்பனை போட்டும் முகத்தில் பயம் வரவில்லை என்று டைரக்டர் காலையிலிருந்தே புலம்பிக்கொண்டிருந்தார்.

"சார், நெஜமாவே பயந்த முகம் ஒண்ணு பக்கத்துலயே இருக்கு" என்றேன்.

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். "அவர்கிட்ட யார் கேக்கறது?"

4. கன்டினியூட்டி

நான்தான் கேட்டேன். தைத்த உடுப்பைப் போட்டுப் பார்க்க இன்ஸ்பெக்டர் வந்தபோது, தோள்பட்டையில் குண்டூசி குத்திக்கொண்டே பேச்செடுத்தேன். அவரை ஒரு தடவை குத்தியும்விட்டேன்.

"சார், எதிர்ல நிக்கிறவன் நல்லா அடிபட்டவனா தெரிஞ்சாதான் நீங்க திறந்து விடும்போது தியேட்டர்ல கை தட்டுவாங்க. எங்க பையனுக்கு அந்த முகம் இல்ல. உங்க ஸ்டேஷன்ல யாராவது..."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் ரெஜினாவின் பெயரை எடுக்கவில்லை. வேறு ஆளைக் கொண்டுவந்தால் என்ன செய்வது என்று யோசித்துவைத்திருக்கவும் இல்லை.

"ஒரு ஆட்டோக்காரன் கீறான். மூஞ்சி பக்காவா இருக்கும்" என்றார். அவர் சொன்ன விதத்தில், அந்த முகத்தைச் செய்து வைத்தவரின் பெருமை இருந்தது.

ஸ்டீபனை ஜீப்பில் கொண்டுவந்தார்கள். வீங்கிய உதடு, நாலு நாள் தாடி. மேக்கப்மேன் பெட்டியைத் திறக்கவே இல்லை. பிளைவுட் லாக்கப்பில் விட்டதும் கம்பியைப் பிடித்தான், அது வளைந்தது. பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டான். ரெஜினா கூட்டத்தோடு, வாசலில் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நின்றிருந்தாள். வேடிக்கை பார்க்க ஊரே வந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் டி.எஸ்.பி.யாக நடந்து வந்து கதவைத் திறந்தார். சொல்ல வேண்டிய வசனம், "நீ நிரபராதி, போகலாம்." முதல் டேக்கில் நிரபராதி என்ற வார்த்தை வாயில் வரவில்லை. இரண்டாவதில் "நீ அபராதி" என்றார். அடுத்ததில் வார்த்தை சரியாக வந்தது, கை தானாக ஸ்டீபனின் சட்டையைப் பிடித்துவிட்டது.

"சார், தோள்ல கை போடணும், காலர்ல இல்ல" என்று டைரக்டர் கெஞ்சினார்.

அதற்கடுத்த டேக்கில் எல்லாம் சரியாக வந்தது. தோளில் கை போட்டு, "நீ நிரபராதி, போகலாம்" என்றார். ஸ்டீபன் அவரை நிமிர்ந்து பார்த்து, நிஜமாகவே அழுதுவிட்டான். கூட்டம் கைதட்டியது. ஒரு கிழவி, "நல்லா இருப்பே ராஜா" என்று கத்தினாள். யாரோ விசிலடித்தார்கள். டைரக்டர் கட் சொன்ன பிறகும் இன்ஸ்பெக்டர் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

கைதட்டல் அடங்கியது. கான்ஸ்டபிள் ஒருவர் ஸ்டீபனை ஜீப் பக்கம் நகர்த்தினார். கயிற்றுக்கு வெளியே ரெஜினா என்னைத்தான் பார்த்தாள். டைரக்டரை நான் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"சார், இந்தப் பையனுக்கு இன்னும் ரெண்டு ஷாட் பாக்கி. விடுதலையாகி வீட்டுல சந்தோஷமா இருக்கிற ஷாட். இப்ப உள்ள வெச்சா மூஞ்சில புதுசா காயம் வந்துடும். கன்டினியூட்டி அடிபட்டுடும்."

கன்டினியூட்டி என்பது ஒரு ஷாட்டில் இருந்த முகம் அடுத்த ஷாட்டிலும் மாறாமல் இருப்பது என்று இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது. ஆனால் அது அடிபட்டால் தன் காட்சி கெட்டுப்போகும் என்பது புரிந்தது. கிழவி இன்னும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளையும் ஸ்டீபனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டேய், வூட்டுக்குப் போ" என்றார். "ஷேவ் பண்ணாத."

அந்த இரண்டு ஷாட்டை யாரும் எடுக்கவே இல்லை. ஸ்டீபன் மாதக்கணக்கில் தாடியோடுதான் ஆட்டோ ஓட்டினான். இன்ஸ்பெக்டர் ஸ்டாண்டைக் கடக்கும்போதெல்லாம் ஜீப்பை நிறுத்தித் தாடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவாராம்.

5. தாம்பரம் தியேட்டரில்

படம் வெளியானது. தாம்பரத்தில் முதல் காட்சிக்கு இன்ஸ்பெக்டர் குடும்பத்தோடு, உறவுக்காரர்களோடு இரண்டு வரிசையை நிறைத்து வந்திருந்தார். ஹீரோ ஊழல் போலீஸ்காரர்களை வரிசையாக அடித்தபோது அவர்தான் அதிகம் கைதட்டினார்.

படம் முடிந்து வாசலில் என்னைப் பிடித்தார். அவருடைய காட்சி படத்தில் இல்லை. நீளம் அதிகம் என்று எடிட்டிங்கில் எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் ஒரு பாட்டு சேர்த்திருந்தார்கள். திட்டுவார், டைரக்டர் மேல் கேஸ் போடுவார் என்று எதிர்பார்த்துப் பின்வாங்கி நின்றேன்.

அவர் திட்டவில்லை. "என் சர்வீஸ்லயே ஒருத்தன சும்மா விட்டது அது ஒண்ணுதான்யா. அதையும் வெட்டிட்டீங்களே" என்றார்.

புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிகள் காக்கி வேலையில் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். பேக்கப் ஆனதும் உடுப்புகளை எண்ணிப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள், அது முதல் விஷயம். நல்லவனாக நடிக்கிறேன் என்று யாராவது வந்து நின்றால் உடனே சட்டையை மாட்டிவிடுங்கள். பட்டன் பொருந்தவில்லையென்றால் குண்டூசி குத்திச் சமாளித்துக்கொள்ளலாம். அளவெடுத்துத் தைத்துக்கொண்டிருந்தால், அதற்குள் அவர் மனசு மாறிவிடும்.