மோப்பக்காரர் சொன்ன வார்த்தை

அவருக்கு ஒரு பெயர் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் மோப்பக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் கார் பட்டறைக்கு வந்தாலும் ஸ்கேனரைச் சொருகுவதற்கு முன்னால் சைலன்சர் குழாய்க்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து மூக்கை நீட்டுவார். கருகின வாடை வந்தால் ஆயில் எரிகிறது. தித்திப்பாக வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. அழுகின முட்டை வாடை என்றால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கோளாறு. புகையில் இருக்கிற விஷத்தை முறிப்பதற்காக வண்டிக்கு அடியில் வைத்திருக்கிற டப்பா அது. உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். மூக்கு சொன்னதையே பெரும்பாலும் ஸ்கேனரும் சொல்லும். சொல்லாத நாளில் ஸ்கேனருக்குத் திட்டு விழும்.

மூக்கு நல்ல மூக்குதான். அதை நம்பி வாயும் ஆட ஆரம்பித்ததுதான் வினை.

பல் டாக்டரம்மாவின் கார் மேடு ஏறத் திணறுகிறது, இன்ஜின் விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது என்று பட்டறைக்கு வந்தது. ஓட்டி வந்தவர் மோப்பக்காரரின் சகலை, அதாவது மனைவியின் தங்கை புருஷன். அவரை டாக்டரம்மாவிடம் டிரைவராகச் சேர்த்துவிட்டதே மோப்பக்காரர்தான். அன்றைக்கு டாக்டரம்மாவும் கூட வந்திருந்தார். மோப்பக்காரர் குனிந்தார், முகர்ந்தார், எழுந்தார்.

"கன்வெர்ட்டர் போச்சும்மா. கெட்ட பெட்ரோல் போட்டிருக்கு."

"நல்ல பங்க்லதானே போடச் சொல்லியிருக்கேன்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? எங்க போடுறார்னு டிரைவரைக் கேளுங்க."

சும்மா வாயில் வந்த வார்த்தை. சகலை என்பதால் கொஞ்சம் கேலியும் கலந்திருந்தது. கேலி என்று டாக்டரம்மாவுக்கு எப்படித் தெரியும்? மட்டமான பெட்ரோலைப் போட்டுவிட்டு மிச்சக் காசைப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறான் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். மறுநாள் சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். "நான் அப்படிப்பட்டவன் இல்லம்மா" என்று சகலை சொல்லித்தான் பார்த்தார். மோப்பக்காரரின் மூக்குக்கு முன்னால் யார் பேச்சு எடுபடும்?

செய்தி தெரிந்ததும் மோப்பக்காரருக்கு உறுத்தியது. ஆனாலும் 'தப்புப் பண்ணினவன் அனுபவிக்கட்டும்' என்று சமாதானம் செய்துகொண்டார். தன்னைத் தானே சமாதானம் செய்துகொள்வதற்கு எந்த மனுஷனுக்கும் ரொம்ப நேரம் பிடிப்பதில்லை.

புதுக் கன்வெர்ட்டர் வந்து சேர்ந்ததும் காரை லிஃப்டில் ஏற்றினார். முதலில் ஆக்ஸிஜன் சென்சார்களைக் கழற்ற வேண்டும். கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. உள்ளே போகிற புகையையும் வெளியே வருகிற புகையையும் வேவு பார்க்கிறவை. முன்னால் இருந்ததைத் திருகி எடுத்தார். நுனி வெள்ளைவெளேரென்று இருந்தது. தேய்த்துப் பார்த்தார், விரலில் மாவாக ஒட்டியது.

பெட்ரோல் கெட்டிருந்தால் நுனி கறுத்திருக்கும், இல்லை செங்கல் நிறத்துக்கு வந்திருக்கும். இப்படி வெளுப்பது சிலிக்கான் பசையின் ஆவி இன்ஜினுக்குள் போய் எரிந்தால்தான். அது பொடியாகப் படிந்து சென்சாரைக் குருடாக்கும். குருட்டுச் சென்சாரை நம்பி இன்ஜின் பெட்ரோலைக் கண்டபடி குடிக்கும். கடைசியில் கன்வெர்ட்டரும் போய்ச் சேரும்.

பதறிப்போய் இன்ஜினின் மேல்மூடியைத் திறந்தார். விளிம்பெல்லாம் தடித்தடியாக வெள்ளைப் பசை. அந்த மூடியைக் கடைசியாகத் திறந்தவர் யார்? அவரேதான். முன்பு ஒருமுறை ஆயில் கசிகிறது என்று வந்தபோது, இன்ஜினுக்கென்று இருக்கிற பசை தீர்ந்துபோயிருந்தது. குளியலறைத் தொட்டி ஓரத்தில் பூசுகிற ட்யூப் ஒன்று ஜன்னலில் கிடந்தது. ஒரு தடவைக்கு என்ன ஆகிவிடும் என்று அதையே பிதுக்கிப் பூசியிருந்தார். அப்போது வினிகர் வாடை குப்பென்று அடித்தது இப்போது ஞாபகம் வந்தது. ஊரார் வண்டிக்கெல்லாம் தீர்ப்புச் சொல்கிற மூக்கு, தன் கைவேலையை முகர்ந்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறது.

முட்டை வாடை கன்வெர்ட்டர் கெட்டதைத்தான் சொன்னது. கெடுத்தவர் யார் என்று அது சொல்லவில்லை. அதை இவராகச் சேர்த்துக்கொண்டார். பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே குடும்பத்துக்குள் வந்து விழுந்துவிட்டன.

பசையைச் சுரண்டினார். சுரண்டாமல், கசிவை அடைக்க மூடிக்கு அடியில் வைக்கிற புது கேஸ்கெட் உட்காராது. ஆனால் சாட்சியைக் கொல்கிற மாதிரி இருந்தது அவருக்கு. இத்தோடு வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை என்றும் ஒரு நினைப்பு வந்து போனது. அந்த நினைப்பு வந்ததற்காகவே தன்மேல் காறித் துப்பலாம் போலிருந்தது. ஆயிலை மாற்றினார், இரண்டு சென்சாரும் புதிது போட்டார், கன்வெர்ட்டரை மாட்டினார். இன்ஜினை ஓடவிட்டு, வெப்பம் பார்க்கும் கருவியைக் காட்டினார். கன்வெர்ட்டரின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் சூடு அதிகம்; அப்படியென்றால் வேலை செய்கிறது. வண்டி சரியாகிவிட்டது. அவருக்குத்தான் மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

நேரே கிளினிக்குக்குப் போய் டாக்டரம்மாவிடம் உள்ளதைச் சொன்னார். அவர் கையுறையைக் கழற்றி வைத்தார்.

"அவர்கிட்ட எவ்வளவு மோசமாப் பேசிட்டேன் தெரியுமா? முதல்ல அவரை வரச் சொல்லுங்க. மன்னிப்புக் கேட்கணும்."

பாரம் பாதி இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு மோப்பக்காரர் சகலை வீட்டுக்குப் போனார். சகலை தரையில் உட்கார்ந்து மேசை விசிறியைப் பிரித்துப் போட்டிருந்தார்.

"வாங்க அத்தான்!" என்று கொழுந்தியா சிரித்த முகமாக வரவேற்றாள். டீயை அவர் கையில் கொடுத்தாள். புருஷனுக்கான டம்ளரை ஒரு வார்த்தை பேசாமல் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மோப்பக்காரர் குரலைத் தாழ்த்தினார். "தப்பு என்னோடதுப்பா. பசையை மாத்திப் பூசிட்டேன். டாக்டரம்மாகிட்டச் சொல்லிட்டேன். நாளைக்கே உன்னை வரச் சொன்னாங்க."

சகலை கையிலிருந்த திருகாணியை இறுக்கி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"நான் தப்புப் பண்ணலன்னு எனக்குத்தான் தெரியுமேண்ணே. வேலை இது இல்லன்னா இன்னொண்ணு. நீங்க அவகிட்டச் சொல்லுங்க."

"ஏன், உன்னைப் பத்தி அவளுக்குத் தெரியாதா?"

"தெரியும்னுதான் நானும் நினைச்சிட்டிருந்தேன். 'அத்தான் சொன்னா அதுல பொய் இருக்காது'ன்னுட்டா."

கொழுந்தியா பிஸ்கட் தட்டோடு வந்தாள். மோப்பக்காரர் எழுந்து நின்றார். பசை, சென்சார், வெள்ளைப் பொடி என்று என்னென்னவோ உளறினார்.

"எனக்கு அதெல்லாம் புரியாது அத்தான். இவர் திருடினாரா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

"இல்லம்மா. இவன் ஒண்ணும் பண்ணல. எல்லாம் நான் பண்ணினது."

அவள் தட்டைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றாள்.

"உங்க பேச்சை நம்பி, பிள்ளைங்க எதிரிலேயே இவரைத் திருடன்னு சொல்லிட்டேனே அத்தான்."