மானுக்கு எட்டாத உயரம்

திருகோணமலையில் கோட்டைக்குப் போகும் வீதியில் எங்கள் ஓட்டோத் தரிப்பிடம் இருக்கிறது. வீதியை அகலிக்கிறோம் என்று வந்தவர்கள், அங்கே நிழல் தந்த பெரிய வாகையை ஒரே பகலில் தறித்துப் போட்டார்கள். நாசமாய்ப் போவார்கள். அந்த வருடம் கச்சான் காற்று அனலாய் வீசியபோது எங்களோடு ஓட்டோ ஓடிய ஹிஸ்புல்லா வண்டிக்குள்ளேயே மயங்கி விழுந்தார். உயிர் தப்பியது, ஆனால் பிறகு அவரால் ஓட்டோ ஓட ஏலாமல் போய்விட்டது.

மரம் நடுவோம் என்று முதலில் சொன்னவர் அவருடைய மைத்துனர் ஜவ்பர் நானா. அவரும் எங்களைப் போல ஓட்டோக்காரர்தான். எல்லோரும் சேர்ந்து வீதியோரம் வாகைக் கன்றுகள் நட்டோம். முறை வைத்துத் தண்ணீர் ஊற்றினோம். முறை தவறியவனை நானா சும்மா விடமாட்டார். எனக்கும் நல்ல ஏச்சு விழுந்திருக்கிறது.

வெயிலைக்கூடச் சமாளிக்கலாம், எங்கள் ஊர் மான்களைச் சமாளிக்க ஏலாது. மாடுகளைப் போல வீதியில் திரியும். சுற்றுலா வருகிறவர்கள் தின்னப் பாண் துண்டு நீட்டிப் படம் எடுப்பார்கள். எங்கள் கன்றுகளைத் தின்று குச்சியாக்கிவிட்டுப் போயின. நானா விடவில்லை. மறுபடி நட்டு, கிண்ணியாவில் தம்பியிடம் கிடந்த பழைய மீன்வலையைக் கொண்டுவந்து சுற்றிக் கட்டினார். நல்ல யோசனை என்று நாங்களும் தலையாட்டினோம்.

மூன்றாம் வருடம் ஒரு கன்று என் தலைக்கு மேலே போய்விட்டது. இந்தக் கச்சான் காலத்தைத் தாண்டினால் இனி எந்த மானுக்கும் எட்டாது என்று, தன் மகளின் சோதனைப் பெறுபேறு மாதிரி நானா எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார்.

அப்போதுதான் ஒரு கொம்பு மான் சிறிய கன்றொன்றின் வலைக்குள் தலையை விட்டது. உதறிய உதறலில் கன்றையும் பிடுங்கிக்கொண்டு ஓடியது. வலை கொம்பில் தொங்கி முன்காலையும் சுற்றியிருந்தது. போன கன்றுக்காக நாங்கள் திட்டினோம். நானா ஹயருக்கு ஆள் ஏற்றாமல் மானைத் தேடிப் போனார். வனவிலங்கு அதிகாரிகளும் வந்தார்கள், ஆள் கூட்டத்தைக் கண்டதும் அது பற்றைக்குள் பாய்ந்துவிட்டது.

மறுநாள் மிச்ச வலைகளை எல்லாம் அவரே அறுத்தெறிந்தார். எங்கள் உழைப்பை நாசமாக்க இவர் யார் என்று எல்லோரையும்விட நான்தான் கூடக் கத்தினேன். அந்தக் கிழமையே சிறிய கன்றுகள் எல்லாம் மான்களுக்கு இரையாயின. உயரமானதின் தலை மட்டும் பச்சையாய் நின்றது.

ஒரு பின்னேரம் அந்தக் கொம்பு மான் வலையோடு நொண்டிக்கொண்டு வந்தது. விலா எலும்பு தெரிந்தது. அந்த உயரமான மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தது. முன்காலைத் தூக்கி எட்ட அதனால் முடியவில்லை. நானா தன் கத்தியை என் கையில் தந்துவிட்டு மெல்லப் போய், மரத்தின் தலையை வளைத்து மானின் வாய்க்கு நேரே பிடித்தார். பசியில் மான் தளிரில் வாய் வைத்தது. நான் குனிந்து காலை இறுக்கிய நைலோன் வலையை அறுத்தேன், பிறகு கொம்பில் கிடந்ததையும் அறுத்தேன். மேலே தண்டு முறிகிற சத்தம் கேட்டது.

"அறுத்தாச்சு நானா. மரத்தையாவது விடுங்கோ," என்றேன்.

"வலை கட்டினது நான், தம்பி. அது திண்டு முடியட்டும்."

கடைசித் தளிர் போகும்வரை அவர் கையை எடுக்கவில்லை. அழுதுகொண்டுதான் பிடித்திருந்தார்.