இரண்டாம் ஆண்டின் பத்து விழுக்காடு

என் தோழிக்கு நான் தெரிந்தே தவறான கணக்கைச் சொல்லிக்கொடுத்தேன். மறதியால் அல்ல, அவசரத்தாலும் அல்ல. சரியான வழி எனக்குத் தெரியும். அது அவளுக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தேன்.

அவள் பெயர் கலைவாணி. மண்டபத்தூர்க்காரி. அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள். நான் தலத்தெருக்காரி. பட்டப்படிப்பு முடிந்ததும் காரைக்காலில் ஒரே பயிற்சி வகுப்பில் சேர்ந்து, அரசு எழுத்தர் தேர்வுக்குப் படித்தோம். மதியச் சாப்பாட்டைப் பங்கிட்டுக்கொள்வோம். அவள் டப்பாவிலிருந்த மீனில் பெரிய துண்டு எப்போதும் எனக்குத்தான்.

கணக்கு அவளுக்குக் கொஞ்சம் தடுமாற்றம். மற்ற பாடங்களில் என்னைத் தாண்டிவிடுவாள். மாதிரித் தேர்வுகளில் என்னைவிட ஓரிரு மதிப்பெண் கூடுதலாக வாங்கத் தொடங்கியிருந்தாள். இருந்த இடங்களோ சொற்பம்.

எனக்கு அந்த வேலை இல்லாவிட்டால் அடுப்பு எரியாது என்றிருந்ததா? இல்லை. அப்பாவுக்கு ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது. ஏழ்மையின் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்கு உரிமையில்லை.

தொடர் வளர்ச்சிக் கணக்குகளை நடத்திய அன்று அவள் வகுப்புக்கு வரவில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல். மறுநாள் மாலை, பேருந்து நிலையத்தில் நின்றபடி என்னிடம் கேட்டாள்.

“ஒரு ஊர் சனத்தொகை வருசத்துக்குப் பத்து பர்சன்ட் கூடுதுன்னா, ரெண்டு வருசத்துக்கு இருபதுன்னு கூட்டிப் போட்டாப் போதுமாடி? இல்ல, வேற ஏதும் இருக்கா?”

அவளுக்கே ஐயம் இருந்திருக்கிறது... பாருங்கள். ஒரு நிமிடம் போதும், விளக்கிவிடலாம்.

“ரெண்டு, மூணு வருசம்னா கூட்டிக்க. அதுக்கு மேல போனாத்தான் பெருக்கணும்” என்றேன்.

நம்பினாள். ஏன் நம்பமாட்டாள்? அவளுடைய பேருந்து வந்தது, ஏறிப் போனாள். நாளைக்குத் திருத்திச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். நாளைகள் நிறைய இருந்தன. ஒன்றிலும் சொல்லவில்லை.

தேர்வில் அந்தக் கணக்கு வந்தது. இருபதாயிரம் பேர் உள்ள ஊர், ஆண்டுக்குப் பத்து விழுக்காடு, இரண்டு ஆண்டுகள். விடைகளில் இருபத்து நாலாயிரமும் இருந்தது, இருபத்து நாலாயிரத்து இருநூறும் இருந்தது. நான் இரண்டாவதைக் குறித்தேன்.

வெளியே வந்ததும் கலைவாணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ சொல்லிக்கொடுத்தது அப்படியே வந்துச்சுடி” என்றாள். முகமெல்லாம் மகிழ்ச்சி.

எனக்கு வேலை கிடைத்தது. அவளுக்கு ஒரு மதிப்பெண்ணுக்கும் குறைவான வித்தியாசத்தில் போய்விட்டது. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வேறு கேள்விகளிலும் அவள் பிழை செய்திருப்பாள்தானே? செய்திருப்பாள். இதைச் சொல்லித்தான் இத்தனை ஆண்டுகள் என்னை ஏமாற்றி வந்திருக்கிறேன்...

அடுத்த அறிவிப்பு வருவதற்குள் அவளுக்குத் திருமணம், பிறகு குழந்தை, பிறகு வயது வரம்பு. இப்போது காரைக்காலில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். நாங்கள் இன்றும் தோழிகள்தாம்.

சென்ற மாதம் எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் நிலாவை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். தாய் சொல்லிக்கொடுத்தபடி பெண் கூட்டிப் போட்ட சனத்தொகைக் கணக்கை ஆசிரியர் தவறென்று அடித்துவிட்டாராம். கலைவாணி பள்ளிக்கே போய் அவரிடம் வாதாடியிருக்கிறாள். அரசு வேலையில் இருக்கிற என் தோழி சொல்லிக்கொடுத்த முறை இது, தப்பாக இருக்காது என்று சொல்லியிருக்கிறாள்.

“நீயே பாத்துச் சொல்லு” என்றாள்.

நான் நிலாவிடம் கேட்டேன்: முதல் வருடம் பிறந்த குழந்தைகளும் இரண்டாம் வருடம் ஊர்க்கணக்கில் உண்டா, இல்லையா? உண்டு என்றாள். அப்படியானால் இரண்டாம் ஆண்டின் பத்து விழுக்காட்டை எதன்மேல் போடுவாய்? பெண் ஒரு கணம் யோசித்தாள். “கூடுனதையும் சேத்துத்தான், பெரியம்மா” என்று தானே போட்டு முடித்துவிட்டாள். அவ்வளவுதான்... அவ்வளவு எளிது.

கலைவாணி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், கண்டுபிடிக்கட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

“அன்னைக்கு நீ சரியாத்தான் சொல்லியிருப்ப. நான்தான் மாத்திப் புரிஞ்சுக்கிட்டேன் போல” என்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மௌனமாக இருந்திருந்தால்கூட மன்னிக்கலாம்.

“இருக்கும். பஸ் ஸ்டாண்டுல ஒரே சத்தமா இருந்துச்சுல்ல” என்றேன்.

மறுநாள் கடையிலிருந்து போனில் கூப்பிட்டாள். வேலைக்குப் போகும் வழியில் பள்ளிக்குப் போய், வீணாகச் சண்டை போட்டதற்காக அந்த ஆசிரியரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்ததாகச் சொன்னாள்.

நல்லது செய்தாய் என்றேன்.